எட்டரை மணி மழை

முடிச்சூரில் என் அக்கா வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு தையற்கடை இருந்தது. ஐந்து மிஷின்கள். வாடகைக்கு இருந்த டெய்லரம்மா, ஒரு புயலுக்கு முந்தின நாள் மத்தியானம் எனக்குப் போன் போட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மேடம், மிஷினெல்லாம் மேல ஏத்திடட்டா?"

"வேணாம்மா" என்றேன். "உங்க பக்கம் அவ்ளோ மழை இருக்காது. தண்ணி வாசப்படி தாண்டாது."

சொன்னபோது எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது, ஒரு கையால் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே சொன்னேன். டெய்லரம்மா மறுபடியும் கேட்டார், "நல்லாப் பாத்துச் சொல்லுங்க மேடம். கல்யாண சீசன். ஜாக்கெட்டெல்லாம் அடுக்கி வெச்சிருக்கேன்." எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. புயலைப் படிப்பதே வேலையாக இருக்கிறவளிடம் நல்லாப் பாத்துச் சொல்லு என்றால் என்ன அர்த்தம்? "நான் சொல்றேன் இல்ல?" என்று வைத்துவிட்டேன்.

என் வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். புயல் வருகிறதென்றால் ஊரே கேட்பது அது எங்கே கரை கடக்கும் என்பதைத்தான். அதற்கடுத்து, நாளைக்கு ஸ்கூல் லீவா என்பதை. எனக்கு இரண்டுமே பெரிதில்லை. புயல் எங்கோ கடந்து போகும். அதைச் சுற்றி வரும் மழைப் பட்டை யார் தலைமேல் வந்து நின்றுகொள்ளும் என்பதுதான் என் தலைவலி. ராட்டினத்தில் உட்கார்ந்திருப்பவன் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தால் கீழே நிற்பவர்களில் யார் நனைவார்கள்? அந்த மாதிரிக் கேள்வி. தாம்பரத்தில் கொட்டித் தீர்க்கும், சிட்லபாக்கத்தில் என் வீட்டு வாசலில் கோலம் கலையாமல் இருக்கும். இதைத் தெருத் தெருவாக முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி.

அதற்குச் செயற்கைக்கோளும் ராடாரும் போதாது. தரையில் உண்மையில் எவ்வளவு விழுந்தது என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, குரோம்பேட்டையிலிருந்து கூடுவாஞ்சேரி வரை, தெரிந்தவர்கள் வீடுகளாகப் பார்த்துப் பத்து மழைமானி வைத்தேன். மழைமானி ஒன்றும் பெரிய கருவி இல்லை. பக்கெட் அளவுக்கு ஒரு சாம்பல் நிற உருளை, அதன் மேல் ஒரு புனல், உள்ளே ஒரு பாட்டில், சேர்ந்த தண்ணீரை அளக்க மில்லிமீட்டர் எண் போட்ட ஒரு கண்ணாடிக் குவளை. தினமும் காலை எட்டரைக்கு அளக்க வேண்டும். நம் நாட்டில் மழைக்கு நாள் முடிவது நடுராத்திரியில் இல்லை, காலை எட்டரைக்குத்தான். எட்டரை அடித்ததும் நான் ஒவ்வொரு வீடாகப் போன் போட்டுக் கேட்டு நோட்டில் எழுதுவேன்.

பத்துப் பேருக்கும் ஒரே ஒரு சட்டம் சொல்லியிருந்தேன். மழை இல்லையென்றால் சுழி. பார்க்கவில்லையென்றால் கோடு. என்ன ஆனாலும் சரி, பார்க்காமல் எண் சொல்லக்கூடாது.

கூடுவாஞ்சேரியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாய்தான் கோடு மன்னன். "மேடம், இன்னிக்குக் கோடு போட்டுக்குங்க, மச்சான் வூட்டுக் கல்யாணம், ஆம்பூர்ல இருக்கேன்." "மேடம், பூனை தட்டி வுட்டுடுச்சு. கோடு." மாதத்தில் பாதி இப்படித்தான். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "பாய், நீங்க மானி வெச்சிருக்கீங்களா, பூனை வளக்கறீங்களா?" என்று கத்தினேன். அவர் சிரித்துவிட்டு, "பாக்காதத எப்படி மேடம் சொல்றது?" என்றார். நான் பட்டென்று போனை வைத்தேன். இன்றைக்கு அதை நினைத்தால் கூசுகிறது.

முடிச்சூர் மானி அக்கா வீட்டு மொட்டை மாடியில் இருந்தது. ஆரம்ப வருஷங்களில் அவளும் அவ்வப்போது கோடு சொல்வாள். காய்ச்சல், ஊருக்குப் போனது, மறந்துபோனது. அப்புறம் கோடுகள் நின்றன. கடைசி இரண்டு வருஷத்தில் ஒரு கோடுகூட இல்லை! அக்கா தேறிவிட்டாள் என்று நினைத்தேன். அந்த அட்டவணையைப் பெரிய திரையில் போட்டு, "இந்தப் பதிவு முழுமையானது, ஒரு நாள்கூட விடுபடவில்லை" என்று நான்கு ஊர்க் கருத்தரங்கில் பெருமை அடித்திருக்கிறேன். புதுக் கணக்குமுறையைத் தொடங்கியபோது அந்த இரண்டு வருஷத்தைத்தான் அதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டேன். ஓட்டை இல்லாத பதிவு கிடைத்தால் எந்த ஆராய்ச்சிக்காரிதான் விடுவாள்?

எந்த எண்ணைப் பார்த்தாலும் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ராடார் சொன்னால் சந்தேகப்படுவேன். பக்கத்து மேஜைக்காரர் சொன்னால் கண்டிப்பாகச் சந்தேகப்படுவேன். அக்கா சொன்னதை மட்டும் அப்படியே எழுதிக்கொண்டேன். சின்ன வயசில் ரோடு கடக்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டே நடப்பேன், அதே பழக்கம்தான்.

எங்கள் பேச்சு இவ்வளவுதான் இருக்கும்.

"அக்கா, எவ்ளோ?"

"பன்னெண்டுடி. சாப்டியா?"

"ம். வெக்கிறேன்."

அடுத்த வீட்டுக்குப் போட வேண்டுமே.

அந்தப் புயல் கரைக்குப் பக்கத்தில் வந்து, கடக்கவும் மனசில்லாமல் திரும்பிப் போகவும் மனசில்லாமல் நின்றது. விடியற்காலையில் ஒரு மழைப் பட்டை பெருங்களத்தூருக்கு மேற்கே வந்து அசையாமல் உட்கார்ந்துகொண்டது. காலை ஏழு மணிக்கு முடிச்சூரில் அக்கா தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. அதில் ஒரு பைக் மிதந்துகொண்டிருந்தது. எட்டரைக்குப் போன் போட்டேன். முதலில் என்ன கேட்டேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். "அக்கா, எவ்ளோ?" என்றுதான் கேட்டேன்.

அவள் ஒரு எண் சொன்னாள். தாம்பரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. இந்த மழைக்கு இடுப்பளவு தண்ணீர் நிற்க வாய்ப்பே இல்லையே! ஏரியின் உபரித் தண்ணீரைத் திறந்துவிட்டிருப்பார்கள், கால்வாய் அடைத்திருக்கும் என்று நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். அப்போதும் அவள் எண்ணைச் சந்தேகப்படவில்லை பாருங்கள்.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்ததும் தாம்பரம் வரை ரயிலில் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போனேன். தெரு முழுக்கச் சேற்று நாற்றம். அக்கா வீட்டு வாசலில் டெய்லரம்மா ஐந்து மிஷின்களையும் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தார். ஒவ்வொன்றிலிருந்தும் பழுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காம்பவுண்டுச் சுவர் நெடுக ஜாக்கெட்டுகள். சிவப்புச் சாயம் மஞ்சளில் இறங்கி, பச்சை வெள்ளையில் இறங்கி, எது யாருடையது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

என்னைப் பார்த்ததும் டெய்லரம்மா எழுந்திருக்கவில்லை.

"இன்னா மேடம், வாசப்படி தாண்டாதுன்னீங்க. ஜன்னலைத் தாண்டிச்சு. ஒரு வார்த்தை ஏத்துன்னு சொல்லியிருந்தா நானும் எம்பொண்ணும் அர மணி நேரத்துல ஏத்தியிருப்போம். ரெண்டு வாட்டி கேட்டேனே மேடம். ரெண்டு வாட்டி!"

எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அப்போது மாடிப்படியில் நின்றிருந்த அக்கா பேசினாள். எனக்காகப் பரிந்து பேசப்போகிறாள் என்றுதான் திரும்பிப் பார்த்தேன்.

"எனக்கு அப்பவே மனசு கேக்கல. ஏத்திடலாம்னுதான் நெனச்சேன். இவதான் சயின்டிஸ்ட்டு. இவ பேச்சைக் கேட்டுத்தானே எல்லாரும் சும்மா இருந்தோம்?"

நடுத்தெருவில் நிற்க வைத்து அறைந்த மாதிரி இருந்தது. இருந்தாலும் அவள் சொன்னதில் தப்பில்லையே, சொன்னவள் நான்தானே என்று விழுங்கிக்கொண்டேன். டெய்லரம்மா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "என் கணக்கு தப்பாயிடுச்சும்மா. மன்னிச்சுடுங்க" என்றேன். அவர் ஒரு மிஷினின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். அது கறகறவென்று பாதியில் நின்றது. அவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

கணக்கு ஏன் தப்பியது என்று பார்த்தாக வேண்டும். "மானியைப் பாத்துட்டு வரேன்" என்று படியேறினேன்.

"இப்ப எதுக்குடி? காபி போடறேன், உக்காரு" என்றாள் அக்கா.

"ரெண்டு நிமிஷம்."

"மேலெல்லாம் பாசி. வழுக்கும்." என் மணிக்கட்டைப் பிடித்தாள். விளையாட்டுக்குப் பிடித்த பிடி இல்லை. நான் உதறிவிட்டு ஏறினேன்.

மாடியில் வானமே தெரியவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தகர ஷீட் போட்டிருந்தார்கள். நேற்றுப் போட்டது இல்லை, ஆணியெல்லாம் துருப்பிடித்திருந்தது. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. நான் அந்த மாடிக்கு ஏறி எத்தனை காலம் ஆனது? தீபாவளிக்கு வருவேன், பொங்கலுக்கு வருவேன், ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மடியில் லேப்டாப்போடு கிளம்பிவிடுவேன். மானியைத் தேடினேன். கைப்பிடிச் சுவர் ஓரமாக, வெயில் படுகிற ஒரு மூலையில், சாம்பல் நிற உருளை இருந்தது. அதில் நான் என் கையால் வெள்ளைப் பெயின்டில் எழுதிய 'முடிச்சூர்' இன்னும் அழியவில்லை. உள்ளே மண் நிரப்பி, கறிவேப்பிலைச் செடி வைத்திருந்தார்கள். நன்றாகத் தழைத்திருந்தது.

அந்தக் கறிவேப்பிலையை எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் அக்கா ஒரு கவரில் போட்டுக் கொடுப்பாள், "மருந்தடிக்காததுடி, நம்ம வீட்டுது" என்று. இரண்டு வருஷமாக என் ரசத்தில் கொதித்தது அதுதான்.

சமையலறைக்கு இறங்கி வந்தேன். புனல் எண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் இருந்தது. கண்ணாடிக் குவளை வாஷ்பேசின் மேல் இருந்தது. அதில் மூன்று டூத் பிரஷ்.

"மாடி ஒழுகிச்சும்மா, அதான் ஷீட்டு" என்றார் அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், யாரும் கேட்காமலேயே. "ரெண்டு வருஷம் இருக்கும்." சொல்லிவிட்டு, பழைய பேப்பர் ஒன்றை எடுத்து விரித்து அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டார். ஆக, அவருக்கும் தெரியும். தினமும் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதானே இருந்திருப்பார்!

"ரெண்டு வருஷமா எனக்கு யாருக்கா எண் சொன்னது?" என்று கேட்டேன்.

அக்கா பாலை அடுப்பில் வைத்தாள். "தாம்பரம் குரூப்ல தினம் போடுவாங்க இல்ல, மழை எவ்ளோன்னு. அதைப் பாத்துச் சொல்லுவேன்."

"அப்படியேவா?"

"அப்படியே சொல்லுவேனா? அஞ்சு கொறச்சு சொல்லுவேன். ஒரே மாதிரி இருந்தா நீ கண்டுபிடிச்சுடுவியே."

அந்த அஞ்சு இருக்கிறதே! என் கணக்கு முழுக்க அந்த அஞ்சின்மேல்தான் நின்றிருந்தது. முடிச்சூரில் என்றைக்கும் தாம்பரத்தைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் பெய்யும் என்று என் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டிருந்தது. பாவம், அதற்கென்ன தெரியும்? இரண்டு வருஷமாக அது படித்ததெல்லாம் என் அக்காவின் சாமர்த்தியத்தை. அதை நம்பி நான் டெய்லரம்மாவிடம் பிஸ்கட் தின்றுகொண்டே வேணாம் என்றேன்.

"கோடுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னக்கா? கோடு சொன்னா நான் அடிக்கவா போறேன்?"

"ஷீட்டு போட்ட அன்னிக்கே சொல்லலாம்னுதான் போனை எடுத்தேன். நீ 'எவ்ளோ'ன்ன. சொல்லிட்டேன்." பால் பொங்கி வந்தது, அவள் அடுப்பைக் குறைத்தாள். "மானி இல்லன்னு சொல்லியிருந்தா நீ எனக்கு போன் பண்ணுவியாடி? உண்மையச் சொல்லு. அம்மா போனப்புறம், எண் கேக்காம ஒரு நாள் எனக்கு போன் பண்ணியிருக்கியா?"

இந்த இடத்தில் நான் அழுதிருக்க வேண்டும், கட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் எதிர்பார்க்கட்டும். எனக்குக் கோபம்தான் உச்சிக்கு ஏறியது. "பேசணும்னா பேசணும்னு சொல்லு! அதுக்கு எண்ணைத் திருடுவியா? கீழ அஞ்சு மிஷின் நாசமாப் போய் கெடக்கு. ஒரு பொம்பளை தலையில கை வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கா. என்னை நடுத்தெருவுல நிக்க வெச்சு நீயும் சேந்து கேள்வி கேக்கற!"

"மெதுவாப் பேசு" என்றாள் அக்கா. "கீழ கேக்கும்."

அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. பொய் சொன்னதைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். நான் உடைந்துபோய் நிற்கும்போது அவளுக்குக் கீழே கேட்டுவிடுமே என்பதுதான் பயம்.

"டெய்லரம்மாகிட்ட சொல்லிடாதடி" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இதே தெருவுல நாங்க இருக்கணும். தலைகாட்ட முடியாது."

"அப்போ என் தலை?"

"உனக்கென்ன, நீ சிட்லபாக்கம் போயிடுவ."

காபியைக் குடிக்காமல் இறங்கினேன். டெய்லரம்மா துருப்பிடிக்காமல் இருக்க மிஷின்களுக்கு மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு துணியை வாங்கி நானும் கொஞ்ச நேரம் துடைத்தேன். சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் அம்மா, மேலே ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கிறது பாருங்கள் என்று. சொல்லவில்லை. அக்காவைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு வந்தது.

ஆபீசுக்கு வந்ததும், இந்தக் கணக்குமுறையைப் பற்றி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்த கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். காரணம் கேட்டார்கள். ஒரு மானியின் பதிவை நம்ப முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அந்த ஒரு வரியை எழுத ஒரு சாயங்காலம் ஆனது. பிறகு நோட்டை எடுத்து, முடிச்சூரின் இரண்டு வருஷத்து எண்களை ஒவ்வொன்றாக அடித்து, பக்கத்தில் கோடு போட்டேன். கம்ப்யூட்டரில் ஒரு கட்டளை கொடுத்தால் நொடியில் முடிந்துவிடும். எனக்கு அப்படிச் செய்யப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு 'சாப்டியா' இருந்தது. நான் எழுதி வைத்தது எண்ணை மட்டும்தான். அதற்காகக் கோபம் ஆறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆறவில்லை.

அதற்குப் பிறகு எட்டரைக்கு ஒன்பது வீடுகளுக்குத்தான் போன் போடுகிறேன். மானியைத் திரும்ப எடுத்துவரவில்லை. செடியைப் பிடுங்க மனசு வரவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். அந்த மாடிக்கு மறுபடி ஏற எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் அதே பருவத்தில் வங்கக் கடலில் மறுபடி ஒன்று சுழன்றுகொண்டு வந்தது. டிவிக்காரர்கள் ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு கடற்கரையில் போய் நின்றார்கள். வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். என் கணக்கை முடிச்சூர் இல்லாமல் மறுபடி முதலிலிருந்து செய்திருந்தேன். நான்கு தடவை சரிபார்த்தேன். இது நம் பக்கம் வராது, ஆந்திராவுக்குப் போய்விடும், தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் ஒரு சொட்டும் இருக்காது என்று வந்தது.

மத்தியானம் டெய்லரம்மா போன் போட்டார். இப்போது அவரிடம் இரண்டு மிஷின்கள்தான்.

"மேடம், மிஷின மேல ஏத்திட்டேன். சும்மா சொல்லலாம்னு போட்டேன்."

"இந்தத் தடவை இங்க வராதும்மா. மழையே இருக்காது."

அவர் குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"பரவால்ல மேடம். ஏத்துனது ஏத்துனதாவே இருக்கட்டும். உங்க அக்காதான் ஒரு பக்கம் புடிச்சாங்க, பாவம், முட்டி வலியோட. 'அவ பேச்சக் கேக்காத, போன வாட்டி மாரி ஆயிடும், ஏத்திடு'ன்னு காலைலேந்து சொல்லிக்கினே இருந்தாங்க. தங்கமானவங்க மேடம்."

எல்லாம் வாய்வரை வந்துவிட்டது. ஷீட், செடி, டூத் பிரஷ், அந்த அஞ்சு. ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

"நல்ல காரியம் பண்ணாங்க" என்றேன். "அக்கா சொல்றதையே கேளுங்க."

புயல் ஆந்திராவுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை சிட்லபாக்கத்தில் சுள்ளென்று வெயில். எட்டரைக்கு ஒன்பது வீடுகளுக்கும் போன் போட்டேன். ஒன்பதிலும் சுழி. பாய்கூட, "சுழி மேடம், நானே கண்ணால பாத்தேன்" என்றார். நோட்டில் கடைசி வரி முடிச்சூர். ஜன்னல் வழியாக அந்தத் திசையைப் பார்த்தேன், ஒரு மேகம்கூட இல்லை. அங்கேயும் சுழிதான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் பார்த்துச் சொல்ல அங்கே எனக்கு ஆள் இல்லை. கோடு போட்டேன்.